மஞ்சள் பூசிப் புதைத்த மாடு

அழகுமலைக்கு மாடுகள் மேல் இருந்த பாசத்தைப் பற்றி ஊரில் கேலி பேசாத ஆளில்லை. பெற்ற பிள்ளைகள் கூழ் குடித்தார்களா என்று ஒரு நாளும் கேட்காத மனுஷன், காளைகள் இரண்டும் பருத்திக்கொட்டை தின்று முடிக்காமல் தான் சோற்றில் கை வைக்க மாட்டான். மதுரைச் சித்திரைச் சந்தையில் ஜோடியாகப் பிடித்து, உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கும் தன் ஊர் வரை கூடவே நடந்து, வழியெல்லாம் அவற்றோடு பேசிக்கொண்டு வந்தவன். அப்படி வந்த மயிலைக் காளைகளில் மூத்தது, ஒரு பங்குனி மாதக் காலையில், தொழுவத்துக்கும் சோளம் அறுத்த புஞ்சைக்கும் நடுவில் விறைத்துக் கிடந்தது. கட்டியிருந்த முளைக்குச்சி பிடுங்கிக் கயிற்றோடு கிடந்தது. வாயோரம் பச்சை நுரை. அதைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டு, அந்தத் துண்டை ஊருக்குத் தூக்கிக் காட்டினான் அழகுமலை.

"பாருங்கய்யா, விஷம் எப்படிப் பச்சையா வந்திருக்குன்னு! பாவிப்பய மருந்து வச்சுட்டான்யா!"

எந்தப் பாவி என்று ஒருவரும் கேட்கவில்லை. முந்தின வாரம்தான் பங்குக் கிணற்றடியில் அவனுக்கும் நல்லகாமனுக்கும் சண்டை நடந்திருந்தது.

நல்லகாமன் வேற்று மனுஷன் இல்லை. அழகுமலையின் பெரியப்பா மகள் முத்துத்தாயைக் கட்டியவன். முத்துத்தாய்க்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. அதனால் அவள் மகள் ஒச்சாயிக்குத் தாய்மாமன் என்றால் அது அழகுமலைதான். காதுகுத்துக்குப் பிள்ளையை மடியில் வைத்திருந்ததும் அவன்தான். முத்துத்தாய்க்குச் சீராகக் கொடுத்த நிலமும் அவன் நிலமும் ஒரே கிணற்றுத் தண்ணீரில் பாய்ந்தன. முறை வைத்துக் கமலையில் மாடு பூட்டி இறைப்பார்கள். அழகுமலை முறை தப்பிப் பூட்டிவிட்டான் என்று தொடங்கிய வாய்த்தகராறில் நல்லகாமன், "இந்த மாட்டை வச்சுக்கிட்டு இன்னும் எம்புட்டு நாளைக்கு ஆடுறேன்னு பாக்குறேன்" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டான். கோபத்தில் எவனும் சொல்லக்கூடிய வார்த்தைதான். அழகுமலைக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலமே பஞ்சாயத்துக் கூடியது. நாட்டாமை விருமாண்டி சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"அவன் மருந்து வச்சதை நீ பார்த்தியா?"

"பார்த்தாத்தானா? அவனைத் தவிர எனக்கு வேற யாரு பகை?"

"நான் கேட்டது, பார்த்தியான்னு."

"பார்க்கல."

"வேற யாராச்சும் பார்த்தாய்ங்களா?"

கூட்டம் இல்லையென்று தலையாட்டியது.

"சரி. வயித்தைக் கீறிப் பார்த்தா என்ன தின்னுச்சுன்னு தெரிஞ்சுபோகும். மாடு எங்க கிடக்கு?"

"எங்க கிடக்கும்? மஞ்சப் பூசி, மாலை போட்டு, எங்க அப்பனைப் புதைச்ச மாதிரி புதைச்சுட்டேன். பிள்ளையா வளர்த்த மாட்டு மேல கத்தி படுறதுக்கு நான் என்ன கசாப்புக்காரனா?"

இதைச் சொல்லும்போது அழகுமலைக்குக் குரல் உடைந்தது. பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை அவனே மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறான் என்பது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. அழுகிறவன் பக்கம்தானே ஊர் சாயும்.

நல்லகாமன் எழுந்து நின்றான். "மச்சான், நான் வாயில சொன்னேன். கையில செய்யல."

"திருடன் எவன்யா ஒத்துக்கிட்டான்?" என்றான் அழகுமலை.

சாட்சி இல்லாத வழக்குக்கு அந்தச் சீமையில் ஒரு வழி இருந்தது. அழகர்மலைப் பதினெட்டாம்படிக் கருப்பசாமி வாசலில் சூடத்தை ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், காத்திருப்பார்கள். அதற்குள் சத்தியம் செய்தவனுக்குக் கெடுதல் ஒன்றும் வராவிட்டால் அவன் சொன்னது உண்மை, வந்தால் பொய். மதுரைக் கச்சேரியில் வக்கீல் வைத்து வாதாடியவர்கள்கூடக் கடைசியில் அந்த வாசலுக்குப் போய்த் தீர்த்துக்கொண்டதுண்டு. விருமாண்டி அதையே சொன்னார். நல்லகாமனும் சரி என்றான். அதோடு முடிந்திருக்கும். அழகுமலைதான் விடவில்லை.

"வெறும் சூடத்தை அணைச்சாப் போதுமா? அவன் மக மேல சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

பெண்கள் கூட்டத்திலிருந்து "அண்ணே!" என்று ஒரு குரல் வந்தது. முத்துத்தாயின் குரல். அழகுமலை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ரயிலேறி மதுரைக்குப் போய், அங்கிருந்து மலைக்கு நடந்தார்கள். ஈர வேட்டியோடு நின்று, கருப்பு குடியிருக்கும், சந்தனம் அப்பிய அந்தக் கதவுகளுக்கு முன்னால் சூடத்தை உள்ளங்கையால் அணைத்தான் நல்லகாமன். "அந்த மாட்டுக்கு நான் கெடுதல் செஞ்சிருந்தா என் மக ஒச்சாயி எனக்கில்ல" என்றான். கை நடுங்குகிறதா என்று அழகுமலை உற்றுப் பார்த்தான். நடுங்கவில்லை. பொய் சொல்லிப் பழகின கை என்று நினைத்துக்கொண்டான்.

சித்திரைத் திருவிழா முடிந்து ஜனங்கள் ஊர் திரும்பியபோது, அவர்களோடு வாந்திபேதியும் வந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் சாவு. அழகுமலையின் ஊரிலேயே பல வீடுகளில் பறைச் சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்காரர்கள் எந்தச் சத்தியமும் செய்தவர்கள் இல்லை. ஆனால் ஒச்சாயி செத்தபோது மட்டும் ஊர் வேறு மாதிரிப் பேசியது. மண்டலம் இன்னும் முடியவில்லை.

செய்தி வந்தபோது அழகுமலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். "பார்த்தியாடி? கருப்பு கேட்டுருச்சு" என்றான் பெண்டாட்டியிடம். செத்தது தன் மடியில் உட்கார்ந்த பிள்ளை என்ற நினைப்பு அவனுக்கு முதலில் வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்பதுதான் வந்தது.

அவன் பெண்டாட்டி ராமக்காள் பெட்டியைத் திறந்து ஒரு புதுத் துணியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "தாய்மாமன் கோடி போடாம பிள்ளையை எடுக்கக் கூடாதுய்யா. பகையெல்லாம் அங்கிட்டு வச்சுட்டு வா, போயிட்டு வந்துருவோம்."

"பொய்ச் சத்தியம் பண்ணினவன் வீட்டு வாசலை நான் மிதிக்கவா? உள்ள போ."

மற்ற சாவு வீடுகளுக்குக் காய்ச்சலையும் பேதியையும் பாராமல் போன பெண்கள் முத்துத்தாய் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. கட்டி அழ ஆளில்லாமல், கோடித் துணியில்லாமல், தகப்பன் தோளிலேயே போனது அந்தப் பிள்ளை. அதற்குப் பிறகு நல்லகாமன் வீட்டுக்கு யாரும் அடுப்பு நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை. அழகுமலைக்கோ டீக்கடையில் பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னான். சொல்லச் சொல்ல, நல்லகாமன் மருந்து வைத்ததைக் கண்ணால் பார்த்தவன் போலவே சொல்லப் பழகிவிட்டான்.

வைகாசியில் ஒரு கோடை மழை பெய்தது. எல்லாரும் ஏர் பூட்டினார்கள். ஜோடி உடைந்துபோன அழகுமலை மட்டும் உழவில்லை. அவன் புஞ்சையில் பழைய சோளக்கட்டைகள் அப்படியே நின்றன. ஈரம் கண்டதும் அவற்றின் அடியில் இளம்பச்சையாகத் துளிர் விட்டது. வறண்டு கிடந்த கட்டையில் முளைக்கும் அந்தத் துளிரில் நஞ்சு உண்டு என்பது மாடு மேய்க்கிற எவருக்கும் தெரியும். அழகுமலைக்கும் தெரியும். மாடு கட்டுத்தறியில்தானே நிற்கிறது என்று விட்டுவிட்டான்.

ஒரு மத்தியானம் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். தொழுவத்தில் நின்ற காளை தலையைச் சாய்த்து, முளைக்கு அடியில் கொம்பைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பியது. முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. "அடி கள்ளப்பயலே" என்று அழகுமலை சிரித்தான். ஜோடி மாட்டிடம் படித்த வித்தை போலிருக்கிறது என்று நினைத்தான். நினைத்தவுடன் சிரிப்பு நின்றுவிட்டது.

காளை கயிற்றை இழுத்துக்கொண்டே புஞ்சைக்குள் இறங்கிவிட்டது. அவன் கஞ்சிக் கலயத்தைப் போட்டுவிட்டு, கத்திக்கொண்டே ஓடினான். அதை விரட்டித் திருப்பித் தொழுவத்துப் பக்கம் ஓட்டிக்கொண்டு வருவதற்குள் கால் பின்ன ஆரம்பித்தது. பாதி வழியில் விழுந்தது. மூத்த காளை கிடந்த அதே இடத்தில் கிடந்து உதைத்தது. வாயோரம் பச்சை நுரை வந்தது.

அழகுமலை அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வரவில்லை. யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி காது அடைத்துக்கொண்டது. மாட்டுக்காக இல்லை. பிள்ளை மேல் சத்தியம் கேட்டவன் எவன், கோடி போட மறுத்தவன் எவன் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த நிமிஷம் பூமி பிளந்தால் இறங்கிப் போயிருப்பான்.

அவன் கத்தின சத்தத்துக்கு ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். விருமாண்டியும் வந்தார். விழுந்து கிடந்த மாட்டையும் பிடுங்கிக் கிடந்த முளையையும் பார்த்தவுடன் ஒருவன் சொன்னான்: "மறுபடியும் காட்டிட்டான்யா வேலையை!"

"பிள்ளை செத்தும் புத்தி வரலயே அவனுக்கு!"

"அவன் வைக்கோல் படப்புல தீயை வைங்கடா! அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!"

அழகுமலை ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மாடு முளையைப் பிடுங்கியதை வேறு யாரும் பார்க்கவில்லை. ஊரில் கிடைத்த மரியாதை அப்படியே நிலைக்கும். அந்த ஆசை ஒரு கணம் அவனுக்கு வரத்தான் செய்தது. வந்ததே என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"அவன் இல்லய்யா" என்றான். யாரும் காதில் வாங்கவில்லை. மறுபடியும் கத்தினான். "அவன் இல்லைங்கிறேன்! இதுவாவே முளையைப் பிடுங்கிச்சு, சோளத் துளிரை மேஞ்சுச்சு. நான் கண்ணால பார்த்தேன். மூத்ததும் இப்படித்தான் செத்திருக்கும், பங்குனியிலயும் கட்டை துளிர்த்துத்தான் கிடந்துச்சு. நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள், "அப்ப அந்தப் பிள்ளை ஏன் செத்துச்சு?"

"பேதியில செத்துச்சு. ஊரெல்லாம் செத்த மாதிரிச் செத்துச்சு."

அதை யாரும் ரசிக்கவில்லை. மாடு போன துக்கத்தில் உளறுகிறான் என்றார்கள். அழகுமலை ஓடிப்போய் அரிவாளைக் கொண்டு வந்தான். கத்தி படக் கூடாது என்றவன், எல்லார் முன்னாலும் தன் காளையின் வயிற்றைத் தானே கீறினான். உள்ளே கையை விட்டு, மெல்லாத பச்சையை வாரி விருமாண்டியின் காலடியில் போட்டான்.

விருமாண்டி குச்சியால் அதைக் கிளறிப் பார்த்தார்.

"சோளந்தான். இந்த மாடு இதைத் தின்னு செத்துச்சு, ஒத்துக்கிறேன். அந்த மாடும் இப்படித்தான் செத்துச்சுங்கிறதுக்கு என்னப்பா அத்தாட்சி?"

அழகுமலையின் கண் மூத்ததைப் புதைத்த பக்கம் போனது.

"அதைத்தான் மஞ்சப் பூசிப் புதைச்சுட்டியே" என்றார் அவர். "அன்னைக்கு அத்தாட்சி இல்லாம அவனைக் குத்தவாளின்னு சொன்ன. இன்னைக்கு அத்தாட்சி இல்லாம நிரபராதிங்கிற. உன் பேச்சைக் கேட்டுக் கருப்பு தீர்ப்பை நாங்க மாத்த முடியுமா?"

படப்புக்குத் தீ வைக்கிற பேச்சு அதோடு நின்றது. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நம்பினார்களா இல்லையா என்று அவர்கள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊரைச் சொல்லி என்ன? நம்ப வைத்தது அவன்தான். நெருப்பை வைத்தவன் ஊதி அணைக்கப் பார்த்தால் அணையுமா?

கையைக்கூடக் கழுவாமல் நல்லகாமன் வீட்டுக்குப் போனான். வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்த நல்லகாமன் நிமிர்ந்து பார்த்தான். ஆள் பாதியாகியிருந்தான். அழகுமலை நடந்ததையெல்லாம் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டேதான் சொல்ல முடிந்தது.

"மாப்ள, என்னைய வெட்டுறதுன்னாலும் வெட்டிரு."

நல்லகாமன் கயிற்றைக் கீழே வைத்தான். "இதை எதுக்கு மச்சான் எங்கிட்டச் சொல்ற? நான் செய்யலன்னு எனக்குத்தான் தெரியுமே. உள்ள இருக்கா பாரு, அவகிட்டச் சொல்லு."

"முத்துத்தாயிகிட்டயா?"

"பிள்ளையைப் புதைச்சுட்டு வந்த அன்னைக்கு, 'நீ பொய்ச் சத்தியம் பண்ணி என் பிள்ளையைக் கொன்னுட்ட'ன்னு சொன்னா. அதோட பேச்சு முடிஞ்சுபோச்சு. சோறு வைப்பா, மூஞ்சியைப் பார்க்க மாட்டா. இன்னைய வரைக்கும் அவ ஒரு சொட்டு அழுகலை. நான் செய்யலங்கிறதுக்கு நான் அவளுக்கு எதைக் காட்டுவேன்?"

ஊர் ஒதுக்கியதுதான் தான் செய்த கேடு என்று நினைத்து வந்திருந்தான் அழகுமலை. இது அவனுக்குத் தெரியாது. நிலைப்படியில் போய் நின்றான். உள்ளே இருட்டில் முத்துத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"தாயி, உன் புருஷன் பண்ணினது மெய்ச் சத்தியம். மாடு அதுவா மேஞ்சு செத்திருக்கு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ பார்த்தியாண்ணே?"

"சின்னதைக் கண்ணால பார்த்தேன். பெரியதைப் பார்க்கல. பார்க்காமத்தான் சொன்னேன் தாயி, அன்னைக்கு. எதையும் பார்க்காமத்தான் சொன்னேன்."

முத்துத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவனைத் தாண்டி வாசலுக்குப் போய், புருஷனுக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"அண்ணே, நீ போயிரு. நாங்க இப்பத்தான் எங்க பிள்ளைக்கு அழப் போறோம்."