ஷீனாவின் கறுப்பு ஈ

ஸ்காட்லாந்தின் அந்த மலையேரியில் தூண்டில் சங்கத்தின் வருடாந்திரப் போட்டி. படகுக்கு இரண்டு பேர். யாரோடு யார் என்பது குலுக்கலில். ஃபெர்கஸ் எடுத்த சீட்டில் ஷீனாவின் பெயர் இருந்தது. அவர்களுக்கு விவாகரத்து ஆகி மூன்று வருடம். செயலாளர் ஆர்ச்சி சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குலுக்கல்னா குலுக்கல்தான்பா," என்றார்.

படகில் ஃபெர்கஸ் தன் பெட்டியைத் திறந்தான். மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் இறகும் ஜரிகையும் வைத்துக் கட்டிய செயற்கை ஈக்கள், கல்யாண வீட்டுக் கூட்டம் போல. ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை மாட்டி வீசி, நூலைச் சரசரவென்று இழுக்க ஆரம்பித்தான். ஷீனா தூண்டிலைத் தொடவே இல்லை. தண்ணீரைக் கையில் அள்ளி உற்றுப் பார்த்தாள்.

"முகம் கழுவ வந்தியா?" என்றான்.

"கொசுப்புழு மேல வந்து தோலுரிக்குது. மீன் அதைத்தான் தின்னும்."

அவள் ஒரு ஈயை நூலில் மாட்டி வீசிவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் மீன். பிறகு இன்னொன்று. ஃபெர்கஸ் ஆரஞ்சை மாற்றிப் பச்சை போட்டான், பச்சையை மாற்றி வெள்ளை போட்டான். என்ன ஈ என்று கேட்க வாய் வரவில்லை. எட்டிப் பார்த்தால் அவள் கையால் மூடிக்கொண்டாள்.

மூன்றாவது, பெரிய டிரவுட் மீன். ஒற்றையாளாய்த் தூக்க முடியாது.

"வலையைப் பிடி, மகராசா!"

பிடித்தான். மீனின் உதட்டோரம் அந்த ஈ தெரிந்தது. கறுப்பு நூல், மெல்லிய வெள்ளிக் கம்பிச் சுற்று, அவ்வளவுதான். அவன் பெட்டியில் அப்படி ஒன்றுகூட இல்லை.

"இன்னொண்ணு வச்சிருக்கியா?"

"வாயத் தொறந்து கேட்டுட்டியே! இந்தா."

மாட்டி வீசினான். கை பழக்கத்தில் இழுத்தது.

"இழுக்காதே! பதினோரு வருஷம் வீட்ல சும்மா உக்காந்திருந்தல்ல? இங்க மட்டும் என்ன துடிப்பு?"

ஃபெர்கஸ் இழுப்பதை நிறுத்தினான். கையை மடியில் வைத்துக்கொண்டான். காற்று படகை மெதுவாகத் தள்ளியது. தொய்ந்து கிடந்த நூல் தண்ணீரில் தானாக நேரானது. தூக்கினான். கனமாக இருந்தது. அவனுக்கு இருபது வயதில் அடித்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

இந்த முறை வலையை அவள் பிடித்தாள்.

கரையில் எடை போட்டபோது ஷீனாவுக்கு இரண்டாம் இடம். ஃபெர்கஸுக்கு இடமே இல்லை, மீன் மட்டும் இருந்தது. ஆர்ச்சி அவனைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "அவ என்ன ஈப்பா போட்டா?" என்று கிசுகிசுத்தார்.

"நான் பாக்கல," என்றான் ஃபெர்கஸ்.

பிறகு ஷீனாவின் வண்டி வரை போய்க் கண்ணாடியைத் தட்டினான்.

"அதை எப்படிக் கட்டுறதுன்னு சொல்லித் தர்றியா?"

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

"ஞாயித்துக்கெழம வா. நூல் நீயே வாங்கிட்டு வா."