மாமன் செய்த சீட்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. எண்பத்தைந்து ஆவணியில், என் சகலையை மெட்ராசுக்கு வழியனுப்ப மனைவி ஸ்யாமளாவோடு மதுரை விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். வாசலில் உறுமி மேளம். இருபத்தொரு சீர்த்தட்டுகளோடு ஒரு கூட்டம் வேனிலிருந்து இறங்கியது. முன்னால் வந்த மனிதர் இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தது தட்டு இல்லை. பட்டையும் பக்கிளும் வைத்த, குழந்தை உட்காரும் ஒரு சின்ன நாற்காலி. பார்த்த நிமிடமே இதை எழுதாமல் விடமாட்டேன் என்று தெரிந்துவிட்டது. முடிவைப் பார்க்காமலே வீடு திரும்பினேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டான் என்று வையக்கூடாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வானம் நிர்மலமாக இருந்தது. காசிமாயன் அண்ணாந்து’—

வேண்டாம். காசிமாயன் வானத்தைப் பார்க்கிற ஆள் இல்லை. செல்லூரில் விசைத்தறி ரிப்பேர் செய்பவர். நாள் முழுக்கக் குனிந்தே இருப்பவர். (பெயரை மாற்றியிருக்கிறேன். செல்லூரை மாற்றவில்லை.) ஆகவே கடிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

அவருடைய தங்கை அன்னக்கொடியின் கணவருக்கு அமெரிக்காவில் வேலை. ஒன்றரை வயது மகள் செல்லக்கிளியோடு புறப்பட்டு வரச்சொல்லி அவர் எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு பகுதி: ‘இங்கே காரில் குழந்தையை மடியில் வைத்துப் போனால் போலீஸ் பிடிக்கும். அதற்கென்று தனி சீட்டில் உட்காரவைத்துப் பட்டையால் கட்ட வேண்டும். பிளேனிலும் அதிலேயே கட்டி உட்காரவைத்து வந்தால் பயமில்லை. அங்கே கிடைக்குமா, விசாரி.’

அன்னக்கொடி அண்ணனிடம் விசாரித்தாள். அங்கேதான் விஷயம் தடம் மாறியது. [கெட்டுப்போனது என்று எழுதி அடித்திருக்கிறேன். எதுவும் கெட்டுப்போகவில்லை.] கடையில் கேட்கச் சொன்னதைக் காசிமாயன், தாய்மாமனிடம் சீர் கேட்டதாக எடுத்துக்கொண்டார். காதுகுத்துக்குப் பிள்ளையை உட்காரவைப்பது மாமன் மடியில். மாமன் மடியால் அமெரிக்கா வரை போக முடியாது. அந்த மடிக்குப் பதிலாகப் போகிற ஒன்றைக் கடையில் வாங்கினால் ஊரில் தலைகாட்ட முடியுமா?

“காசு குடுத்து வாங்குறதுக்கு நான் எதுக்கு ஆத்தா?” என்று தங்கையிடம் கேட்டுவிட்டு, டேப்பை எடுத்து மருமகளை அளக்க உட்கார்ந்துவிட்டார்.

3

இரும்புக் குழாயை வளைத்துச் சட்டம். இலவம்பஞ்சு மெத்தை. அதன்மேல் சிவப்புச் சுங்குடி. தோளுக்கும் இடுப்புக்கும் கித்தான் பட்டை. எல்லாம் முடிந்ததும், குழந்தையின் எடைக்கு ஓர் அரிசி மூட்டையைச் சீட்டில் வைத்துக் கட்டி, அந்தச் சீட்டை அலங்காநல்லூர் பஸ்ஸின் கடைசி இருக்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த இருக்கையில் ஒருமுறை போய் வந்தவர்கள் வேறு சோதனை எதுவும் கேட்க மாட்டார்கள். கண்டக்டர் மூட்டைக்கு லக்கேஜ் போட வந்தார்.

“மூட்டை இல்லண்ணே. என் மருமக.”

ஊர் போய்ச் சேர்வதற்குள் காசிமாயனின் தலை மூன்று தடவை கூரையில் இடித்தது. மருமகள் அசையவே இல்லை.*

* இதையும் கடித விவரத்தையும் சொன்னது, விமான நிலையத்தில் வாழைப்பழத் தட்டோடு என் பக்கத்தில் நின்ற சோலையம்மாள், காசிமாயனின் மனைவி. இடித்தது இரண்டு தடவை என்றுதான் சொன்னார். மூன்றாவது நான் சேர்த்தது.

4

இனி வருவது நான் கண்ணால் பார்த்தது.

அமெரிக்கா போகவும் முதலில் மெட்ராஸ் விமானம்தான். அதன் கவுண்டரில் இருந்தவருக்குச் சுப்பராமன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சீட்டில் கட்டப்பட்ட செல்லக்கிளி அவருடைய ரப்பர் ஸ்டாம்புக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வயசு ஆகாத குழந்தைக்குத் தனி இடம் கிடையாது. அம்மா மடியில வெச்சுக்கணும். இதை லக்கேஜ்ல போட்டுடலாம்,” என்றார்.

காசிமாயனின் முகம் சுண்டிவிட்டது. பின்னால் இருபத்தொரு தட்டுகள் நிற்கின்றன. திருப்பி அனுப்பப்பட்ட சீர் என்றால் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். ஆனால் அவர் குரலை உயர்த்தவில்லை.

“இது சீருங்க சார். புள்ள உக்காராம வெறும் சீட்டு மூட்டையோட மூட்டையாப் போச்சுன்னா, மாமன்னு நான் என்னத்தச் செஞ்சேன்?”

இந்த இடத்தில் சுப்பராமனுக்கும் ஒரு தங்கை உண்டு என்றும், சட்டென்று அவர் கண்—

அடித்துவிட்டேன். அவ்வளவு சௌகரியமான தங்கைகள் கதைகளில்தான் இருக்கிறார்கள். உண்மையில் அவர் பயணிகள் பட்டியலை எடுத்துப் பார்த்தார். அன்னக்கொடிக்குப் பக்கத்து இருக்கை காலி. எழுந்து இந்தப் பக்கம் வந்து குத்துக்காலிட்டு, சீட்டின் அகலத்தைச் சாண் போட்டு அளந்தார்.

“நிக்குமா இது?”

“ஆட்டிப் பாருங்க சார்.”

ஆட்டினார். செல்லக்கிளி கெக்கெக்கென்று சிரித்து, “இன்னும்,” என்றாள். சுப்பராமன் மறுபடி ஆட்டினார். சோதனைக்கு ஒரு தடவை போதும்; அவர் ஐந்து தடவை ஆட்டினார்.

“இனிமே பைலட்தான் சொல்லணும்,” என்று குழந்தையோடு சீட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். அன்னக்கொடி திரும்பித் திரும்பி அண்ணனைப் பார்த்தபடி பின்னால் போனாள். அதற்குள் ஸ்யாமளா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டவுனுக்குப் போகிற பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

5

முடிவுகள். மூன்றும் எழுதிப் பார்த்தேன்.

அ) பைலட் சரி என்றார். அன்னக்கொடியின் பக்கத்தில், ஜன்னலோரம், சுங்குடி மெத்தையில் செல்லக்கிளி. கீழே வைகை வளைந்து போகிறபோது தூங்கிவிட்டாள்.

ஆ) குழந்தை தாயின் மடியில், சீட் பெட்டிகளோடு.

இ) பைலட் கையை விரித்தார். சீட் கவுண்டருக்குப் பின்னால் ஒரு மூலையில்—

இதை எழுதி முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

6

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒன்று பார்த்தேன். காசிமாயன் வேலிக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் விமானத்தின் படிக்கட்டு நன்றாகத் தெரியும். எனக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார், உறுமிக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார், ஆடத் தொடங்கினார். அப்படி ஒரு ஆட்டத்தை நான் கல்யாண வீட்டில்கூடக் கண்டதில்லை. தட்டு ஏந்தி வந்த பெண்கள் குலவை போட்டார்கள். பஸ்ஸில் இருந்த நாங்கள் எதற்கென்று தெரியாமலே கை தட்டினோம்.

சீட் படியேறியதைப் பார்த்துத்தான் ஆடினார் என்று வீட்டுக்கு வரும்வரை சந்தோஷமாக இருந்தேன். ஸ்யாமளாதான் கெடுத்தாள். சீட் திரும்பி வந்திருந்தாலும் அந்த மனுஷர் ஆடியிருப்பார் என்றாள். விமான ஜன்னலில் தங்கை பார்த்துக்கொண்டிருப்பாள் இல்லையா, அழாமல் போகட்டும் என்று.

அதன் பிறகு மூன்று முடிவுகளிலும் அவர் ஆடுகிறார். நான் ‘அ’ பக்கம். நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். செல்லூருக்குப் பஸ் ஏறி விமானத்து சீட் செய்தவர் எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கேட்க எனக்குத்தான் தைரியமில்லை. ‘இ’ என்று நினைக்கிறவர்கள் அவரிடம் நேரிலேயே போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள். என் பெயரை மட்டும் இழுக்க வேண்டாம்.