நியூட்றல் இல்லாத வண்டி

சுதாகரனுக்கு உலகத்தில் பயமில்லாத ஒரேயொரு சாமான் அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள்தான். பாம்புக்குப் பயம், யானைக்குப் பயம், மனைவி நிசாந்தினி வாய் திறக்காமல் இருந்தால் அதற்கும் பயம். ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டால் ஆள் ராசாதான். விசுவமடுச் சந்தைக்குக் கச்சான் கடலை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டிப் போவான்.

அந்த ராசாங்கத்தை முடித்து வைத்தது இடது கணுக்கால். சண்டைக்காலத்துச் செல்துண்டு உள்ளே கிடந்த அந்த இடம் மாரிக் குளிருக்கு வீங்கத் தொடங்க, டொக்டர் ஒரே போடாய்ப் போட்டுவிட்டார். "கியர் மிதிக்கிற வேலை இனிச் சரிவராது." சைக்கிள் போனது. கியரே இல்லாத ஸ்கூட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது.

"பொம்பிளையள் ஓடுற சாமான்," என்று சிரித்தார் மாயாண்டி. சுதாகரனின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்கு நேரெதிரே, பெருந்தெருவின் மறுபக்கம் ரயர் ஒட்டும் கடை வைத்திருப்பவர். "முறுக்கினா ஓடும், பிடிச்சா நிக்கும். இதில படிக்க ஒண்டுமில்லையடா தம்பி."

ஒண்டுமில்லையாம்! பழகிப்போன காலும் கையும் சொன்னால் கேட்குமா? இடதுகால், இல்லாத கியரைத் தேடித் தேடி வெறும் தட்டை மிதித்தது. இடதுகை கிளச் என்று நினைத்துப் பிடித்தால் ஸ்கூட்டியில் அந்த இடத்தில் இருப்பது பிறேக். வண்டி சடாரென்று நிற்க, சந்தி நடுவில் மூக்கு உடையாத குறை. வீடுவந்து இறங்கினால் சேர்ட் முதுகோடு ஒட்டிக் கிடக்கும்.

அதையெல்லாம் பொறுக்கலாம். வினை வீட்டு வாசல் படலையில் இருந்தது.

அவனுக்கும் நாலு வயது மகள் தாட்சாயினிக்கும் ஒரு வழக்கம். படலைக்கு முன்னால் சைக்கிளை நியூட்றலில் நிறுத்தி றேஸ் கொடுப்பான். இரண்டு குட்டை, ஒரு நீளம். விர், விர், விர்ர்ர்ர். அது கேட்டால் பிள்ளை சோற்றுக் கோப்பையையும் போட்டுவிட்டு ஓடிவருவாள். கொக்கியை எட்டிக் கழற்றிப் படலையைத் திறப்பது அவளுடைய உத்தியோகம். ஒருநாள் தாய் திறந்துவிட்டதற்கு நிலத்தில் விழுந்து புரண்டு ஊரைக் கூட்டிவிட்டாள்.

ஸ்கூட்டி வந்த மறுநாள் பின்னேரம் சுதாகரன் படலையடியில் நின்று, யோசிக்காமல், அதே கைப்பழக்கத்தில் முறுக்கினான். ஸ்கூட்டியில் ஏது நியூட்றல்? முறுக்கினால் பாயும். பாய்ந்தது. படலை பிய்ந்து உள்ளே விழுந்தது. புதுவண்டி பார்க்கிற ஆசையில் முன்கூட்டியே வந்து கொக்கியில் கைவைத்து நின்ற பிள்ளையும் விழுந்தாள். முன்சில்லு அவளுடைய முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

நெற்றியில் சின்ன வீக்கம், அவ்வளவுதான். நிசாந்தினி பிள்ளையை வாரித் தூக்கினாள்.

"இஞ்சேருங்கோ, இனி என்ர பிள்ளை இந்தச் சனியனுக்குக் கிட்டவும் வரக்கூடாது. சொல்லிப்போட்டன்."

"பிறேக் பிடிச்சனான்தானே," என்றான் சுதாகரன்.

பச்சைப் பொய். பதறிய கை தேடிப் பிடித்தது கிளச்சை. அது பிறேக்காக இருந்தது அவனுடைய கெட்டித்தனமில்லை. கை விட்ட பிழையால்தான் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். அடுத்தமுறை கை பிழைவிடாமல் இருந்தால்?

அன்றிலிருந்து பெருந்தெருவிலேயே எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, நொண்டிக்கொண்டு, ஒழுங்கை முழுக்க ஸ்கூட்டியை உருட்டினான். மாயாண்டிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. இழுத்துக்கொண்டு போய் வண்டியை டபுள் ஸ்ராண்டில் ஏற்றினார். பின்சில்லு நிலத்தில் முட்டாமல் தூக்கி நின்றது. முறுக்கினார். சில்லு அந்தரத்தில் சும்மா சுழன்றது.

"பாத்தியா? இப்பிடி ஏத்திப்போட்டு எவ்வளவும் முறுக்கு. நகராது."

சுதாகரன் தள்ளி நின்றே தலையாட்டினான்.

தாட்சாயினிக்குத்தான் உத்தியோகம் பறிபோனது. "ஏனப்பா இப்ப சத்தம் போடுறேல்லை? நீங்கள் வாறது எனக்கு என்னண்டு தெரியும்?"

"சத்தம் வேண்டாம் செல்லம். அப்பா மெல்ல வாறன்."

சத்தம் வராவிட்டால் என்ன, வழி பார்த்து நின்றால் போச்சு என்று பிள்ளை தானே முடிவெடுத்துவிட்டாள். முதலில் திருத்திக் கட்டிய படலையில் ஏறி நின்று பார்த்தாள். பிறகு படலைக்கு வெளியே நின்றாள். பிறகு ஒழுங்கையின் பாதியில் நின்றாள். தன்மேல் எவ்வளவு பாசம் என்று சுதாகரன் பூரித்துப்போனான். மடையன்!

அன்று வெள்ளிக்கிழமை. மாரி முடிந்து கொளுத்திய வெயிலுக்குத் தெருவில் தார் இளகிக் கிடந்தது. வழமையாகப் பரந்தன் பக்கத்தால் வருகிறவன், உடையார்கட்டில் ஒரு அலுவல் முடித்து மறுபக்கத்தால் வந்தான். மாயாண்டியின் கடையோரம் நிறுத்தி, எஞ்சினை ஓய்த்து, ஹெல்மெட்டைக் கழற்றினான். அப்போதுதான் கண்டான்.

தெருவுக்கு அந்தப்பக்கம், தார் விளிம்பில், வெறுங்காலோடு தாட்சாயினி. பரந்தன் பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து மணல் டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மணலை இறக்கிவிட்டு வருகிற வெறும் டிப்பர்கள். வெறும் டிப்பருக்குத்தான் வேகம் கூட.

"எடேய், உன்ர பிள்ளை!" என்று மாயாண்டி குரலெடுக்க, சுதாகரன் பாய்ந்து அவருடைய வாயைப் பொத்தினான்.

"கூப்பிடாதேங்கோ அண்ணை! என்னைக் கண்டா ஓடிவந்திடுவாள்."

அது சத்தியம். அப்பாவைக் கண்டால் நடுவில் தெரு ஒன்று கிடப்பதே அவளுக்குத் தெரியாது. கோர்ன் அடித்தால் திரும்பிப் பார்ப்பாள், பார்த்தால் இறங்குவாள். இந்தக் காலோடு ஓடிப்போய்த் தூக்கவும் முடியாது. மாரித்தாயே, என்ர பிள்ளை!

பிள்ளை ஒரு காலைத் தாரில் வைத்தாள்.

சுதாகரன் ஸ்கூட்டியை ரயர் அடுக்குக்குப் பின்னால் இழுத்தான். டபுள் ஸ்ராண்டை மிதித்து ஏற்றினான். கணுக்கால் உயிர்போக வலித்தது. பிறேக்கைப் பிடித்துப் பொத்தானை அழுத்த எஞ்சின் பிடித்தது. அன்றைக்குப் பிறகு படலையை நினைத்தாலே விறைத்துப்போகிற அந்தக் கையால் முறுக்கினான்.

விர். விர். விர்ர்ர்ர்.

அவள் அசையவில்லை. பழைய சைக்கிளின் இடிமுழக்கம் எங்கே, தையல் மெசின் மாதிரி முனகுகிற இது எங்கே? பிள்ளைக்கு எப்படித் தெரியும்? முதல் டிப்பர் கோர்னை அலறவிட்டது. சுதாகரன் அழுதுகொண்டே முறுக்கினான். இரண்டு குட்டை. ஒரு நீளம்.

தாட்சாயினியின் தலை நிமிர்ந்தது. காதைக் கொடுத்துக் கேட்டாள். அடுத்த கணம் காலைத் தாரிலிருந்து பிடுங்கி, திரும்பி, ஒழுங்கைக்குள் விழுந்தடித்து ஓடினாள். அப்பா வந்துவிட்டார், படலை இன்னும் திறக்கவில்லை!

டிப்பர்கள் கடந்துபோயின. புழுதி அடங்கியும் சுதாகரனின் கை முறுக்கியபடியே இருந்தது. மாயாண்டிதான் திறப்பைத் திருப்பி எஞ்சினை ஓய்த்தார்.

சுதாகரன் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு ஒழுங்கையால் போனான். படலை விரியத் திறந்து கிடந்தது. பக்கத்தில் இடுப்பில் கைவைத்தபடி மகள்.

"எவ்வளவு நேரமாத் திறந்துவச்சிருக்கிறன்! ஏனப்பா மெல்ல வாறீங்கள்?"

அவன் அப்படியே நிலத்தில் குந்தி அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். பின்வளவில் கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்த நிசாந்தினி கையில் மண்ணோடு வந்தாள். பிள்ளையின் காலைப் பார்த்தாள்.

"எங்கயடி இந்தத் தாரை மிதிச்சனி?"

ஒழுங்கையில் தார் கிடையாது. நிசாந்தினி பெருந்தெருப் பக்கம் ஒருதரம் பார்த்தாள், பிறகு புருசனின் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய கையிலிருந்த கச்சான் கொடி நழுவி விழுந்தது.

"நான்தான் நிசா," என்றான் சுதாகரன். "சத்தத்தை நிப்பாட்டினது நான்தான். அதுதான் பிள்ளை தேடிப் போயிருக்கு."

அவள் திட்டவில்லை. பக்கத்தில் குந்தி, மண்கையாலேயே பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்தாள். தார் போகவில்லை. போகாத தாரைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாளையிலேருந்து சத்தம் போட்டுத்தான் வரவேணும். கேட்டுதோ?"