நல்லா இருக்கேன் டாக்டர்

என் அம்மா பஸ் கண்டக்டர். படிக்கட்டில் தொங்குகிறவனை ஒரே அதட்டில் உள்ளே ஏற்றிவிடுவாள். டிப்போ மேனேஜரே அவளிடம் வாயைக் கொடுக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவள் ஒரு டாக்டரிடம் பெட்டிப்பாம்பாக அடங்கிப் போனாள். அதனால்தான் செத்தும் போனாள்.

குடலில் ஆபரேஷன். மறுநாள் காலை மருத்துவ மாணவர்கள் புடைசூழ டாக்டர் வார்டுக்கு வந்தார். "வலி கூடிக்கிட்டே போகுதுங்க டாக்டர். உள்ள தையல் கிய்யல் விட்டிருக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"டாக்டர் நானா, நீங்களா?" என்றார் அவர். மாணவர்கள் சிரித்தார்கள். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அம்மா அவரைத் தவிர எல்லோரிடமும் வலியைச் சொன்னாள். தரை துடைக்க வந்தவளிடம் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள். "இருங்க கண்டக்டரம்மா, நான் கேக்குறேன்" என்று நர்ஸ் அவருக்கு போன் போட்டாள். அவர் கத்தியது எங்கள் காது வரைக்கும் கேட்டது.

"வயித்தக் கிழிச்சா வலிக்காம குளுகுளுன்னா இருக்கும்? சும்மா சும்மா கூப்பிடாத!"

நர்ஸின் முகம் சுருங்கிப் போயிற்று. மறுபடி அவள் அந்த போனைத் தொடவில்லை.

சாயங்காலம் அவரே வந்தார். கதவருகில் நின்றபடி, "எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேன் டாக்டர்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா போர்வைக்குள்ளிருந்தே என் கையை நறுக்கென்று கிள்ளினாள். அவர் போனதும், "திட்டு வாங்கித் தராதடி. நாளைக்கும் அவருதான என்னைப் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் பார்க்க அவள் இல்லை. அவள் பயந்தபடியே தையல்தான் விட்டிருந்தது. டாக்டர் எங்களிடம் வரவில்லை. கையெழுத்து வாங்க ஓர் ஆளை அனுப்பினார். அன்றைக்குத்தான் கேஸ் போடுவதென்று முடிவு செய்தேன். காசுக்கு அலைகிறாள் என்றார் சித்தப்பா. பேசிவிட்டுப் போகட்டும். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் கோர்ட் வாசற்படியை மிதித்திருக்கவே மாட்டேன்.

கோர்ட்டிலும் அவர் பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் அவருடைய வக்கீல்தான் பதில் சொன்னார். "நோயாளி தாம் நலமாக இருப்பதாகவே கூறினார்." அது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது.

இடைவேளையில் வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என்னை நோக்கி வந்தார். வக்கீல் தடுத்துப் பார்த்தார், அவர் கேட்கவில்லை. எங்கள் கட்டிலருகில் ஒரு நிமிஷம் உட்காராத மனுஷன், பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குப் புரியவே இல்லம்மா. தரை துடைக்கிறவங்க வரைக்கும் சொல்லியிருக்காங்க. என்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

கேட்டுவிட்டு எழுந்து போகவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தார். அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கவேண்டும் என்று இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ, எனக்கு அழுகைதான் வந்தது.

"சொன்னாங்களே டாக்டர். மொத மொதல்ல உங்ககிட்டதான் சொன்னாங்க."

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். அவருக்கு ஞாபகம் வரவில்லை.