பெயருக்கு முன்னால் ஒரு லேட்

நாற்பத்தெட்டு மணி நேரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தலைமை எழுத்தர் அவளுடைய விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அது மேலிடத்துக்குப் போயாக வேண்டும். போனால் வேலை நிரந்தரம். போகாவிட்டால் இந்த மூன்று வருடம் போலத் தற்காலிகம்தான். தற்காலிகக்காரர்களை அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஒரு பேச்சும் இருந்தது.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் குப்பிகளில் வந்து சேரும். கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுத வேண்டும். எழுதுவதற்குக் கை போதும் என்பதால் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல என்று கூட வேலை செய்யும் அக்கா கேலி செய்வாள்.

"இதுல ஒன்னு குறையுதும்மா." தலைமை எழுத்தர் அப்பாவின் பெயரைப் பேனாவால் தட்டினார். பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரி வரை எல்லாச் சான்றிதழிலும் அப்படித்தான் இருந்தது. "இறப்புச் சான்றிதழ் எங்க?"

"அது வேணுமா சார்?"

"இந்த ஆபீஸ்ல ரெண்டு லேட்டு. காலையில லேட்டா வந்தவன் காரணம் எழுதித் தரணும். ஒரேயடியா போய்ச் சேர்ந்தவருக்குச் சான்றிதழ் தரணும். காகிதம் இல்லாம எந்த லேட்டையும் நான் விடறதில்ல."

"எங்க வீட்டுக்காரர் ரெண்டுலயும் சேராதவரு சார்," என்றாள் அக்கா. "கல்யாணத்துக்கே ரெண்டு மணி நேரம் லேட்டு. அதுக்கு என்ன காகிதம்?"

"அவருக்கு உங்களையே தண்டனையா கொடுத்தாச்சேம்மா. அதுக்கு மேல என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். பிறகு போய், காலையில் கழுவிக் கவிழ்த்திருந்த சோதனைக் குழாய்களை மறுபடியும் கழுவினாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா தையல் இயந்திரத்தில் யாருடைய கால்சட்டைக்கோ இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்ட பிறகும் மிதியை நிறுத்தவில்லை.

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு."

"இருந்தாத்தானேம்மா தொலையும்."

மிதி நின்றது.

அப்பா சாகவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்தச் சொல் எப்படி வந்தது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள். அவளை ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்று, அப்பா வீட்டை விட்டுப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அப்பா வரவில்லையா என்று டீச்சர் கேட்டிருக்கிறாள்.

"அவர் வர லேட்டாகும்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன். ‘அவர் லேட்டு’ங்கறதுக்குள்ள தொண்டை அடைச்சுக்கிச்சு. அந்தம்மா என் முகத்தப் பாத்துட்டு எழுதிட்டாங்க."

"நீ படிச்சுப் பாக்கலையா?"

"பாத்தேன்." அம்மா துணியைத் திருப்பிப் போட்டாள். "நீயே சொல்லு. அதுக்கப்புறம் ஏன் போனாரு, யார்கூடப் போனாருன்னு எவளாவது கேட்டாளா?"

கேட்கவில்லைதான். அவளுக்கு முதல் பெஞ்சில் இடம் கூடக் கிடைத்தது. பதினான்கு வருடமாக அந்தச் சொல்லை அவளும் தன் கையாலேயே எழுதி வந்திருக்கிறாள்.

"இப்போ உயிரோட இருக்காருன்னு சொன்னா, எங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆறு மாதமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. தட்டின் முன் உட்கார்ந்தவள் எழுந்து தண்ணீர் குடித்தாள். மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள்.

"உக்காந்து சாப்பிடு. காலுக்கடியில நெருப்பா இருக்கு?"

புதன்கிழமை முழுவதும் அப்படித்தான் போயிற்று. ஒரே குப்பிக்கு இரண்டு முறை எண் ஒட்டினாள். விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக மடிப்பு நைந்துபோனது. நான்கு முறை தலைமை எழுத்தரின் மேசை வரை போய், நான்கு முறையும் மணி பார்க்க வந்தவள் போலச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு அவரே கூப்பிட்டார்.

"சான்றிதழ் கிடைக்கலன்னு முகத்துல எழுதி ஒட்டியிருக்கு. விடு. இந்த உறுதிமொழில கையெழுத்துப் போடு, மத்தத நான் பாத்துக்கறேன்."

தட்டச்சு செய்த நாலே வரி. ‘என் தந்தை’ என்பதற்கும் ‘தேதியன்று காலமானார்’ என்பதற்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். தப்பிக்க அந்த இடத்தை நிரப்பினால் போதும்.

பேனாவைத் திறந்தாள். எந்தத் தேதி? பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பதைக் கழித்துப் பார்த்தாள். அது அவர் போன தேதி. மூன்று வருடத்தில் எத்தனையோ ஆயிரம் அளவுகள் எழுதியிருக்கிறாள். கண்ணால் பார்க்காத ஒன்றைக்கூட எழுதியதில்லை. 

"நாள் ஞாபகம் இல்லன்னா மாசமும் வருஷமும் போதும்மா," என்றார் அவர்.

"தேதியே இல்ல சார்."

"இல்லன்னா?"

அக்கா குப்பியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவள் பேனாவை மூடினாள்.

"எங்கப்பா சாகல சார். எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு. ஆறு மாசம் முன்னாடி கிணத்துத் தண்ணி எடுத்துட்டு இங்க வந்தாரு. நான்தான் குப்பிய வாங்கினேன். உங்க நோட்டுலதான் விலாசம் எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. அவருக்கு என்னை அடையாளம் தெரியல."