அவர் கேட்ட ரோமனெஸ்கோ

"அம்மா, வந்து பாருங்கோ. அப்பாவோட ரோமனெஸ்கோ ரெடி. ஏக்தம், அப்படியே கோபுரம் மாதிரி இருக்கு."

மருமகள் மாதுரி தோட்டத்திலிருந்து கூப்பிட்டாள். ராஜலக்ஷ்மி சமையலறை ஜன்னல் வழியாகவே பார்த்தாள். டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் பின்புறத் துண்டு நிலம். இலைகளுக்கு நடுவே இளம்பச்சையில் ஒரு பூ. காலிஃப்ளவருக்கு உறவுதான், ஆனால் சின்னச் சின்னச் சங்குகளை அடுக்கினாற்போல் உடம்பெல்லாம் கூர்கூராக இருந்தது. புரட்டாசியில் விதை போட்டவர் அவள் புருஷன் கல்யாணராமன். மார்கழிக் குளிரில் போய்ச் சேர்ந்தார். அப்புறம் பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளித்து, குரங்கை விரட்டி, வெயில் படாமல் பூவின்மேல் இலையை மடித்துக் கட்டிக் காப்பாற்றியவள் மாதுரி.

ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாக வாய் திறந்ததும் அதற்குத்தான். "அது பூத்தா எனக்கு ஒரு வாய் பண்ணிப் போடும்மா, மாதுரி." கட்டிலின் இந்தப் பக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ராஜலக்ஷ்மி. அவர் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"நாளைக்கு மாசிகத்துல அப்பா இலையில இதைக் கறி பண்ணிப் போடலாமாம்மா?"

போனவருக்கு மாசாமாசம் பண்ணும் மாசிகம், வருஷத் திவசம் என்றால் காலிஃப்ளவர், கோஸ், காரட் எதுவும் அடுப்பங்கரைக்குள் வரக்கூடாது. எல்லாம் இங்கிலீஷ் காய். போன மாசம் சமையல்கார மாமி வந்து பண்ணிவிட்டுப் போனாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த இந்தப் பெண்ணுக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை.

"போடேன். உன்னைத்தானே கேட்டார்."

மறுநாள் காலை மாதுரி குளித்து, மடிப்புடவையோடு பூவை அறுத்து வந்தாள். "தேங்காய் போறுமா, இன்னும் துருவட்டுமா?" என்று ராஜலக்ஷ்மியே கேட்டுத் துருவிக் கொடுத்தாள்.

இலை போட்டுப் பரிமாறியாயிற்று. சாஸ்திரிகள் பச்சைக் கறியை உற்றுப் பார்த்தார். "இது என்ன பதார்த்தம்?"

ராஜலக்ஷ்மி முந்திக்கொண்டாள். "இங்கிலீஷ் காய். வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்கலை."

"அம்மா, நீங்கதானே..."

"உள்ள போ," என்றான் பிள்ளை ஜெயகிருஷ்ணன். "எங்கப்பாவுக்குப் பண்றது இது. உனக்கு பிக்னிக்கா?"

சாஸ்திரிகள் உதட்டைப் பிதுக்கினார். "பித்ருக்கள் தொடமாட்டா. எல்லாத்தையும் கொட்டிட்டு மறுபடி பண்ணணும். மாமி, நீங்களே கை வையுங்கோ. அந்தப் பொண்ணு கிட்ட வரவேண்டாம்."

சமையலறை வாசலில் மாதுரி நின்றாள். "தேங்காய் துருவித் தந்தேளேம்மா."

"போய் உன் ஆத்துக்காரன்கிட்ட சொல்லு. யாரை நம்பறான், பார்க்கலாம்."

"அப்பா ஒரு வாய்தானே கேட்டார்."

"கேட்டார். அவருக்குப் போய்ச் சேரலை. உன் கையாலதான் கெட்டுது. ஆயுசுக்கும் ஞாபகம் வெச்சுக்கோ. இப்போ இதைக் கொண்டுபோய்க் கொட்டு, ஜல்தி."

மாதுரி வாணலியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் குழிக்குப் போனாள். ராஜலக்ஷ்மி அரிவாள்மணையை இழுத்துப் போட்டு வாழைக்காயை நறுக்கினாள். மறுபடி இலை விழுந்தபோது பரிமாறியது அவள் கை.

கல்யாணராமனுக்கு உயிரோடிருந்த நாள் முழுக்க வாழைக்காய் ஆகாது. இரண்டு கரண்டி கூடவே போட்டாள்.