விரல் முட்டி வெளுத்தால்

ஹூக்ஸ்ட்ரா பையனைப் பற்றி நான் எழுதிய அறிக்கையில் கடைசி வரி இது: "விரல் முட்டி வெளுத்தால் தடுப்பான், வெளுக்காவிட்டால் ஓடுவான். மூன்று வருடப் பழக்கம். திருந்தாது."

அந்த வரியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எங்கள் அணிக்கு ஆள் எடுக்கும் என் மேலதிகாரி லமார் விட்டகர் விமானம் ஏறி அயோவாவுக்கே வந்துவிட்டார். வெளியே மார்ச் மாதப் பனி முழங்கால் வரை கிடந்தது. கல்லூரியின் உள்ளரங்கத்தில் நாங்கள் நாலே பேர்: விட்டகர், நான், பயிற்சியாளர் பென்டர், அந்தப் பையன்.

எங்கள் ஆட்டத்துக்கு அமெரிக்கக் கால்பந்து என்று பெயர். காலுக்கு அதில் வேலை குறைவு. பையன் ஆடும் இடம் டைட் எண்ட். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவனுக்குத்தான் பொருந்தும். ஒரு தடவை எதிராளியை முட்டித் தடுக்க வேண்டும், அடுத்த தடவை அவனிடமிருந்து நழுவி ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டும். பந்து அசையும் வரை ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருப்பான். எதைச் செய்யப் போகிறான் என்று எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் கதை முடிந்தது.

கல்லூரியில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நாற்பது ஆட்டப் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்ததில், முட்டப் போகிறபோதெல்லாம் உடம்புப் பாரத்தை விரலில் இறக்குகிறான் என்று கண்டுபிடித்தேன். கெட்டிக்காரி என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஏப்ரலில் முப்பத்திரண்டு தொழில்முறை அணிகளும் சுற்றுச் சுற்றாக முறைபோட்டுக் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கி எடுக்கும். அதுதான் டிராஃப்ட். போன வருடம் ஒருவனைப் பற்றி முதலில் வேண்டாம் என்றேன், பிறகு வேண்டும் என்றேன். எடுத்தார்கள். அவன் ஆறே வாரத்தில் மூட்டை கட்டினான். "இன்னொரு தடவை நாக்கு புரண்டா மே மாசம் வேற வேலை பாத்துக்கோம்மா" என்று விட்டகர் சொல்லியிருந்தார். பத்தொன்பது வருடமாக ஆள் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. வயது ஐம்பத்தாறு.

"பன்னெண்டு தடவை" என்றார் விட்டகர். "என்ன செய்யணும்னு கோச் அவன் காதுல சொல்லுவார். நீ எதிர்ல நில்லு, மார்லிஸ். பந்து அசையறதுக்கு முன்னால சத்தமா சொல்லு."

பையன் குனிந்தான். ஆறடி ஐந்து அங்குலம். கதவு நிலையில் இடித்து இடித்தே வளர்ந்தவன் போல எப்போதும் கொஞ்சம் கூனி நிற்பான். தரையில் ஊன்றிய கையைப் பார்த்தேன். விரல் முட்டி நான்கும் வெள்ளை.

"தடுப்பான்" என்றேன்.

பந்து அசைந்தது. எனக்குப் பக்கத்திலிருந்த பஞ்சுப் பொதியை முட்டி நாலடி தள்ளினான்.

"ஓடுவான்." ஓடினான். "ஓடுவான்." ஓடினான். "தடுப்பான்." பொதி பறந்தது.

ஐந்து, ஆறு, ஏழு. ஒன்றும் தப்பவில்லை. பென்டர் முகம் செத்துவிட்டது. "டேய், என்னடா பண்ற?" என்று கத்தினார். பையனின் காதுமடல் சிவந்திருந்தது. மூன்று வருடமும் அறியாமல் அம்மணமாக நின்றிருக்கிறோம் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டவன் முகம் அது. பாவமாக இருந்தது. ஆனால் எங்கள் தொழிலில் வாயைத் திறந்து குறையைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. சொன்னால் அவனைத் திருத்தி மற்ற முப்பத்தொரு அணிக்கும் இலவசமாகக் கொடுத்ததாகிவிடும்.

எட்டாவதும் சரி.

ஒன்பதாவதற்குக் குனிந்தவன் உடனே கையை ஊன்றவில்லை. என் முகத்தையே பார்த்தான். பிறகு ஊன்றினான். முட்டி வெளுத்தது.

"தடுப்பான்" என்றேன்.

என் தோளை உரசிக்கொண்டு ஓடினான். திரும்பிப் பார்ப்பதற்குள் பென்டர் எறிந்த பந்து அவன் கையில் இருந்தது.

பத்தாவது. விரல்கள் தரையைத் தொட்டும் தொடாமலும். "ஓடுவான்" என்றேன். பொதி வந்து என் மேல் விழுந்தது. ஓகோ, மாற்றிச் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பதினொன்றாவதில் முட்டி வெளுத்ததும் "ஓடுவான்" என்றேன். முட்டித் தள்ளினான். நான் மாற்றி யோசிப்பேன் என்பதையும் யோசித்திருக்கிறான்.

பன்னிரண்டாவதற்குக் கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன், மறுபடி கையைப் பார்த்தேன்.

"சொல்லு" என்றார் விட்டகர்.

"தெரியல."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பையன் என்னிடம் வந்தான். "விரல்தானே மேடம்?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க சொல்லல. ஒவ்வொரு தடவையும் உங்க கண்ணு அங்கதான் போச்சு."

காரில் ஏறியதும் விட்டகர் சிரித்தார். "எட்டுக்கு எட்டு சரி. கலக்கிட்ட. இவன் நமக்கு வேண்டாம்."

"கடைசி நாலையும் பாருங்க, லமார்."

"அது விளையாட்டு. மூணு வருஷப் படம் பொய் சொல்லாது. திருந்தாதுன்னு நீதானே எழுதின?"

சும்மா இருந்திருந்தால் போதும். என் வரி சரி, என் வேலையும் பத்திரம். வண்டியின் துடைப்பான் பனியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. என் கண்ணைப் படித்துப் பத்தே நிமிடத்தில் தன்னை மாற்றிக்கொண்ட இன்னொருவனை நான் பார்த்ததில்லை.

"தப்பா எழுதிட்டேன்" என்றேன். "அந்த வரிய அழிங்க. ரெண்டாவது சுத்துலயே எடுங்க."

"யோசிச்சுத்தான் பேசறியா?"

"யோசிச்சுத்தான்."

அவர் ரேடியோவைப் போட்டார்.

ஏப்ரலில் எங்கள் அணி அவனை எடுக்கவில்லை. மூன்றாவது சுற்றில், எங்கள் பிரிவிலேயே இருக்கும் வேறொரு அணி அவனைக் கொத்திக்கொண்டு போனது. மே மாதம் என் மேசையைக் காலி செய்தேன். இப்போது மாட்டுத்தீவனக் கடையில் நிற்கிறேன். மாடு நாக்கு புரளாது, அந்த வகையில் நிம்மதி.

நவம்பரில் ஒரு ஞாயிறு, கடை டிவியில் என் பழைய அணியும் பையனின் அணியும் மோதின. பழைய அணி நாலு புள்ளி முன்னால். ஆட்டம் முடியப் பத்து விநாடி. பையனின் அணிக்குக் கோட்டைத் தாண்ட மூன்றே கெஜம்; தாண்டினால் ஆறு புள்ளி, வெற்றி. ஹூக்ஸ்ட்ரா கையை ஊன்றினான். கேமரா கிட்டே போனது. விரல் முட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது.

எதிரே நின்றவன், எங்கள் ஆள், பந்தைப் பார்க்கவில்லை. பையன் முகத்தையும் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான்.

என் வரியை எடுத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

"நம்பாதடா" என்றேன் டிவியிடம்.

நம்பினான். முட்டலைத் தாங்கத் தோளைக் கொடுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். பையன் அவனை உரசிக்கொண்டு நழுவி, கோட்டுக்கு அப்பால் தன்னந்தனியாக நின்று பந்தைப் பிடித்தான்.

எழுதியது நான். அழிக்கச் சொன்னதும் நான். எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வயிறு எரிந்தது, பொங்கிப் பொங்கிச் சிரிப்பும் வந்தது.

தீவன மூட்டைக்கு வந்த ஆள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்க எந்தப் பக்கம்மா?"

"அந்தப் பையன் பக்கம்" என்றேன். "கொஞ்சம் லேட்டாத்தான் வந்தேன்."